பிரிட்டனின் ஸ்மார்ட் சாதனச் சட்டம்: வாங்குமுன் பார்க்க வேண்டிய தேதி

இணையத்தோடு இணைகிற கேமரா, டோர்பெல், டிவி, பேபி மானிட்டர், ரௌட்டர் போன்றவற்றை பிரிட்டனில் நுகர்வோருக்கு விற்க வேண்டுமானால், 2024 ஏப்ரல் 29 முதல் மூன்று பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். 2022-இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை.

முதலாவது பாஸ்வேர்டு. ஒரே மாடலில் வந்த கேமராக்கள் அத்தனைக்கும் 'அட்மின்' என்று ஒரே பாஸ்வேர்டு வைத்தால், அதைத் தெரிந்துகொண்டவனுக்கு எல்லா வீடும் திறந்த வீடுதான். 2016-இல் மிராய் என்ற மால்வேர் (சாதனங்களுக்குள் புகுந்து கைப்பற்றும் கெட்ட மென்பொருள்) பரவியது இப்படித்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்துவிட்டது. இனி சாதனத்துக்குச் சாதனம் பாஸ்வேர்டு வேறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவரே தனக்கென ஒரு பாஸ்வேர்டை அமைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். 'பாஸ்வேர்டு1', 'பாஸ்வேர்டு2' என்று வரிசையாக எண் போட்டு ஒப்பேற்ற முடியாது. சீரியல் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பதும் செல்லாது.

இரண்டாவது, பாதுகாப்பில் ஓட்டை கண்டவர் யாரிடம் சொல்வது, எப்போது பதில் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட வேண்டும்.

மூன்றாவது விதிதான் வாங்குபவருக்கு நேரடியாகக் கைகொடுப்பது. பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்பதை, தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் புரியும்படி, கேட்காமலே சொல்லியாக வேண்டும். சொன்ன காலத்தைப் பிறகு குறைக்கக் கூடாது. ஆனால் குறைந்தது இத்தனை வருடம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். தேதி முடிந்த கேமராவும் சுவரில் இருந்தபடி படம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். புதிதாக ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இருக்காது. ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

மீறினால் அபராதம் 1 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். மேஜைக் கணினி, லேப்டாப், ஸ்மார்ட் மீட்டர் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

கேமரா எடுத்த படம் யாருடைய சர்வரில் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை. அதற்கு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்களைப் பற்றி கம்பெனி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்டால், அந்தச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால் சாதனம் என்னவாகும் என்பதும் இந்த மூன்று விதிகளில் வராது. எனவே கடையிலேயே கேட்டுவிடுங்கள்: இணையம் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யுமா?