மவுண்டட் காம்பாட்: ஏறிப்பொருதல்

எழுத்திலேயே நடக்கும் மாயலோக விளையாட்டைத் தமிழில் உருவாக்குகிறவருக்கு வாளும் வில்லும் தொல்லை தருவதில்லை. வாட்போர், விற்போர், மற்போர் என்று பெயர்கள் தயாராக இருக்கின்றன. குதிரைமேல் இருந்தபடியே சண்டை போடும் வசதியைச் சேர்க்கும்போதுதான் கை நின்றுவிடுகிறது. 'மவுண்டட் காம்பாட்' என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

'மவுண்ட்' என்பதன் வேர் இலத்தீனில் மலையைக் குறிக்கும் 'மோன்ஸ்'. மலையேறுவது என்ற பொருள், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, எதன்மேலும் ஏறுவது என்று விரிந்தது. பிறகு ஏறப்படும் விலங்குக்கும் அதுவே பெயரானது. 'காம்பாட்' என்றால் ஒருவரோடொருவர் அடித்துக்கொள்வது. நம் கைகலப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

தமிழில் ஏறிச் செல்வதற்கு மூன்று நல்ல வினைகள் உண்டு: ஊர், இவர், ஏறு. 'இவர்தல்' மவுண்டுக்கு அச்சு அசலான இணை; கொடி மேலே படர்வதும் இவர்தல், குதிரைமேல் ஏறுவதும் இவர்தல். ஆனால் மற்போர் மாதிரி கச்சிதமாக ஒட்டிப் பாருங்கள். 'ஊர்போர்' என்றால் ஊர்ச்சண்டை. 'இவர்போர்' என்றால் யாரோ பெரியவருடைய சண்டை. 'ஏறுபோர்' என்றால் காளைச் சண்டை! ஊர்தியும் வாகனமும் முதலில் மவுண்ட்தான். மயில் முருகனுக்கு வாகனம். இன்றைக்கு 'ஊர்திப் போர்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் பீரங்கி வண்டிதான் வந்து நிற்கும்.

குதிரை மட்டுமே என்றால் 'புரவிப்போர்' அருமையான சொல். ஆனால் மாயலோகத்தில் ஓநாயிலும் டிராகனிலும் ஏறுவார்களே. அதனால் என் தேர்வு 'ஏறிப்பொருதல்'; பொருதல் என்றால் போரிடுதல். 'ஏறி' என்று எச்சமாக வைத்துவிட்டால் காளை குறுக்கே வராது. விலங்குக்குச் 'சவாரி விலங்கு' போதும். சவாரி பாரசீகத்திலிருந்து வந்த சொல். அதனாலென்ன, கேட்டவுடன் புரிகிறது.

பழைய இலக்கியத்தில் எடுத்துக்கொள்ள ஒரு சொல் இருக்கிறது. புறநானூற்றில் 'குதிரை மறம்' என்றே ஒரு துறை உண்டு. அங்கே வீரம் குதிரைக்கும் சேர்ந்தது. குதிரை மிரளுமா, நின்று தாங்குமா என்பதற்கு ஓர் எண் வைப்பீர்கள் இல்லையா? அதற்கு 'மறம்' என்று பெயர் வையுங்கள்.

சரி, பெயர் கிடைத்தது; கட்டளைக்கு வருவோம். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த, பலர் சேர்ந்து ஆடும் 'மட்' என்ற எழுத்து விளையாட்டு முதலாக, இந்த வகை விளையாட்டுகள் தட்டச்சு செய்த கட்டளையில்தான் ஓடுகின்றன. குதிரையும் ஏணியும் உள்ள அறையில் வெறும் 'ஏறு' என்று தட்டினால், எதில் என்று விளையாட்டு திருப்பிக் கேட்க வேண்டும். 'குதிரையில்' என்பதில் வேற்றுமை உருபைக் கழற்றுவது எளிது. 'மாட்டில்' என்பதிலிருந்து 'மாடு' வரை போக நிரலுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். 'ஏறுமேல் ஏறு' என்று ஒருவர் வேண்டுமென்றே தட்டுவார். தட்டாமல் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் 'சார்ஜ்', அதாவது குதிரையோடு வேகமாக வந்து மோதுவது. அதற்குப் 'பாய்ச்சல்' பொருந்தும். ஆனால் பல எழுத்து விளையாட்டுகளில் அறை என்பது ஒரே புள்ளி. உள்ளே இருப்பவர்களுக்கிடையே தூரமே கிடையாது. பாய இடம் வேண்டுமே! பக்கத்து அறையிலிருந்து நுழையும் வேகத்தோடு விழும் முதல் அடியையே பாய்ச்சலாகக் கணக்கிட்டால் சொல்லும் செயலும் ஒத்துப்போகும்.

'டிஸ்மவுண்ட்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டுக்கும் பயன்படுத்தும்: நானாக இறங்குவது, எதிரியைக் கீழே தள்ளுவது. நமக்கு தன்வினை, பிறவினை என்று இரண்டு கட்டளைகள் இலவசமாகவே கிடைக்கின்றன:

> இறங்கு
நீ குதிரையிலிருந்து இறங்குகிறாய்.

> வீரனை இறக்கு
காலைப் பிடித்து இழுக்கிறாய். வீரன் மண்ணில் விழுகிறான். அவன் குதிரை உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.