கடலில் கிடந்த தினார் எந்த மண்ணின் தங்கம்?

இஸ்ரேல் கடலில் கிடைத்த பழைய தங்கக் காசுகளைப் பற்றிப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காசு எந்த ஊரில் அடித்தது என்று சொல்லிவிடலாம். அந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா?"

முதல் பாதி சுலபம். 2015 பிப்ரவரியில் செசரியா துறைமுகத்தில் முக்குளித்தவர்களுக்குச் சுமார் 2,000 காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபாக்கள் அல்-ஹாக்கிம், அல்-ஸாஹிர் காலத்தவை. அதாவது 11-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. தினார் என்ற இந்தத் தங்கக் காசில் அடித்த ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்திருப்பார்கள். தங்கத்தைக் கடல்நீர் அரிக்காது என்பதால் எழுத்து அப்படியே இருக்கிறது. யாரோ கடித்துப் பார்த்த பல் தடம்கூடச் சிலவற்றில் தெரிகிறது. அந்தக் குவியலிலேயே மூத்த காசு 9-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் பலெர்மோவில் அடித்த கால் தினார்.

சரி, மண்ணுக்கு வருவோம். அன்றைய எகிப்துக்கு அதன் தெற்கே உள்ள நூபியப் பாலைவனச் சுரங்கத் தங்கமும் வந்தது. சகாராவைக் கடந்து ஒட்டகத்தில் மேற்கு ஆப்பிரிக்க ஆற்றுத் தங்கமும் வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது அதில் ஒளிந்திருக்கும் அழுக்கு.

மண்ணிலிருந்து எடுத்த தங்கத்தில் வெள்ளி கலந்தே இருக்கும். அதைப் பிரிக்க, தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, உப்பும் செங்கல் பொடியும் இட்டு, உருகாத சூட்டில் மணிக்கணக்கில் புடம் போடுவார்கள். உப்பிலிருந்து கிளம்பும் குளோரின் சேர்மங்கள் தகட்டுக்குள் ஊடுருவி வெள்ளியைப் பிடிக்கும். உருவாகும் வெள்ளிக் குளோரைடைச் செங்கல் பொடி உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி போய்விடும், பிளாட்டினம் மட்டும் அசையாது. தங்கத்தைப் போலவே அதுவும் எளிதில் வினைபுரியாத உலோகம். எத்தனை முறை புடம் போட்டாலும் அது தங்கத்தோடே கிடக்கும். பத்து லட்சத்தில் சில பங்குதான் இருந்தாலும், அந்த அளவு தங்கம் கிடைத்த மண்ணுக்கு மண் மாறும். எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: சுத்தம் செய்தவரின் கைக்கு எட்டாத அழுக்குதான் சாட்சி சொல்கிறது.

அளப்பதற்குக் காசை வெட்ட வேண்டியதில்லை. லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாத அளவு துளியை ஆவியாக்கும். சூரியப் பரப்பைவிடச் சூடான ஆர்கான் பிளாஸ்மா அதை அயனிகளாக்கும். நிறை நிறமாலைமானி என்ற கருவி அந்த அயனிகளை எடை வாரியாக எண்ணிவிடும். கருவி விலை அதிகம். ஆனாலும் பழங்காசுகள் நிறைந்த எந்த நாடும் இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கக் கூடாது.

இந்தச் சாட்சியை அழிக்கும் ஒரே வேலை, கலந்து உருக்குவது. பூதம் காக்கும் புதையல் என்று நம்பி இரவில் தோண்டுகிறவர்கள், கிடைத்ததை உருக்கி எடைக்கு விற்கிறார்கள். எழுத்தும் போகிறது, பல காசுகளின் பிளாட்டினமும் ஒன்றாகக் கலந்துபோகிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

அந்தக் காலத்து நாணயச்சாலைகளும் பழங்காசை உருக்கிப் புதுக்காசு அடித்தவைதான். அதனால் ஒற்றைக் காசை வைத்து முடிவுகட்ட முடியாது. ஒரே ஊரில் அடித்த காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி அளக்க வேண்டும். பிளாட்டினத்தின் அளவு எந்த ஆண்டில் சட்டென்று மாறுகிறதோ, அந்தச் சமயத்தில் வேறு மண்ணின் தங்கம் அந்த ஊருக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டும்.