முதல் எஸ்டிமேட் ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது?

காரைக்குடி–திருவாரூர் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்ற 2012-ல் ரயிலை நிறுத்தினார்கள், திருவாரூர் வரை மறுபடி ரயில் ஓடியது 2019-ல். சுமார் 150 கிலோமீட்டர்தான், ஏற்கெனவே தண்டவாளம் கிடந்த சமதரை, வழியில் மலைகூட இல்லை. இந்தப் பேச்சு டீக்கடையில் வந்தால் ‘எல்லாம் கமிஷன்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். கமிஷனே இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் ஒரு பைசா திருட்டு நடக்காத நாட்டிலும் பெரிய வேலைகளின் செலவு எகிறத்தான் செய்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூவ்பியர்க் குழு 2002-ல் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது, சொன்ன தொகையைத் தாண்டியிருந்தன. சராசரியாக ரயிலில் 45 சதவீதம், பாலம்–சுரங்கத்தில் 34, சாலையில் 20. வெறும் கணக்குப் பிழையென்றால் பாதித் திட்டங்களாவது சொன்னதைவிடக் குறைவாக முடிந்திருக்க வேண்டுமே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பத்து ஊர்க்காரர்கள் பத்துத் திட்டம் போடுகிறார்கள், பத்து பொறியாளர்களும் யோக்கியர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சிலர் கணக்கு கொஞ்சம் கூடியிருக்கும், சிலருடையது குறைந்திருக்கும். பணம் எதற்குக் கிடைக்கும்? மலிவாகத் தெரிவதற்கு. ஆக, குறைத்துக் கணக்குப் போட்ட திட்டங்களே அதிகம் தேர்வாகின்றன, கூட்டிப் போட்டவை ஃபைலிலேயே தூங்குகின்றன. இந்த சூட்சுமம் தெரிந்தவர்கள் அடுத்த முறை வேண்டுமென்றே குறைத்துச் சொல்வார்கள், அது வேறு கதை.

அப்புறம், பிழை இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. பழைய செட்டிநாட்டு வளவு வீட்டில் ஓடு மாற்ற இறங்கியவர்களுக்குத் தெரியும்: பிரித்துப் பார்த்து உத்திரம் நன்றாக இருந்தால் மிச்சமாவது சொற்பம், செல்லரித்திருந்தால் செலவுக்கு வரம்பே கிடையாது.

வட்டிக் கணக்கு பற்றி செட்டிநாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பர்மா, மலேயா வரை போய் வட்டிக்கடை வைத்துப் பழகிய ஊர். விலைவாசி வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. வேலை முடியும்வரை வருமானம் கிடையாது, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. ஆனால் எல்லாப் பழியையும் விலைவாசி மேலேயே போட்டுவிட முடியாது. காஷ்மீரின் உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா ரயில் பாதைக்கு 1990-களின் நடுவில் சொன்னது சுமார் 2,500 கோடி, 2025-ல் முடிந்தபோது 43,000 கோடிக்கு மேல். 7 சதவீதம் வைத்து முப்பது வருஷம் பெருக்கினாலும் 19,000 கோடிதான் வருகிறது. மீதியில் பெரும்பகுதியை இமயமலை வாங்கிக்கொண்டது: நொறுங்கும் பாறை, சுரங்கத்துக்குள் புகுந்த தண்ணீர், நடுவில் மாற்றிய வழித்தடம்.

இதற்கு ஃப்ளூவ்பியர்க் சொல்லும் வைத்தியம் எளிது. கல்லையும் சிமெண்டையும் எண்ணிக்கொண்டிருக்காமல், அதே ரகத்தில் முன்பு முடிந்த வேலைகள் எத்தனை மடங்கில் முடிந்தன என்று பார்த்து, அந்த அளவுக்கு எஸ்டிமேட்டை முதலிலேயே ஏற்றிவிடுவது. பிரிட்டனின் போக்குவரத்துத் துறை 2004-லிருந்து இப்படிச் செய்கிறது.

புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக வரவேண்டிய காவிரி–வைகை–குண்டாறு கால்வாய்க்கு 2021-ல் அடிக்கல் நாட்டியபோது சொன்ன தொகை 14,400 கோடி. நாட்டில் இதற்கு முன் வெட்டிய பெரிய கால்வாய்கள் கடைசியில் எவ்வளவில் முடிந்தன என்ற பட்டியலையும் அதன் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம், சட்டசபையிலும் சரி, டீக்கடையிலும் சரி.