ஒரு பரிசோதனை, ஒரு கேள்வி: பெண்களின் குழந்தையின்மையை எப்படிக் கண்டறிகிறார்கள்?

தோள்பட்டை வலித்தால் நல்ல செய்தி என்று மருத்துவர்கள் மகிழ்ந்த காலம் ஒன்று உண்டு. 1920-இல் நியூயார்க் மருத்துவர் இசிடோர் ரூபின் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கருப்பை வாய் வழியாக மெல்ல வாயுவைச் செலுத்த வேண்டும். கருக்குழாய்கள் அடைபட்டிருந்தால் வாயு போக வழியின்றி அழுத்தமானியின் முள் மேலே ஏறும். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் நுழைந்துவிடும். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலேறி உதரவிதானத்துக்கு அடியில் தங்கும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டையின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் போய்ச் சேர்வதால், மூளை இடம் தெரியாமல் தோள் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. வலி வந்தது என்றால் குழாய் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு குழாயா, இரண்டுமா? அது தெரியாது. திறந்திருக்கும் குழாய் வேலை செய்கிறதா? அதுவும் தெரியாது.

ரூபினின் சோதனை வழக்கொழிந்துவிட்டது. அதன் குணம் மட்டும் இன்றைய பரிசோதனைகள் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறது: ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கும் அதிலேயே பதில் தேடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. கை நிறைய ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு ‘எல்லாம் நார்மல் என்கிறார்கள், பிறகு ஏன்?’ என்று தவிப்பவர்களும், ஒற்றை எண்ணைப் பார்த்து இடிந்துபோகிறவர்களும் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு இயல்பாக உறவு கொண்டும் கரு தங்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 2023-இல் அது வெளியிட்ட கணக்குப்படி, வயதுவந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நிலையைச் சந்திக்கிறார். ஓராண்டு என்ற கெடுவுக்குக் காரணம் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அல்லது ஐந்தில் ஒன்றுதான். மாதங்கள் சேரச் சேர, ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 80 முதல் 85 தம்பதியர் கருத்தரித்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் அடுத்த ஆண்டில் சிகிச்சை எதுவும் இல்லாமலே கருத்தரிக்கிறார்கள். திருமணமான மூன்றாம் மாதமே விசாரிக்கத் தொடங்கும் உறவினர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம். வயது கூடியவர்களுக்கு இந்தக் கெடு குறையும். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருவோம்.

பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தையில்லாத் தம்பதியரில் பாதிக்கு நெருக்கமானவர்களிடம், தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி தேவையில்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை அறுவை அரங்குக்கு அனுப்புவது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல.

இனி முதல் கேள்வி: முட்டை வெளிவருகிறதா? மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைச் சிறு துடிப்பாக வெளியிடுகிறது. அதைப் பெறும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. அங்கே பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கினாலும் வழக்கமாக ஒன்றுதான் முந்துகிறது. நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து, 20 மில்லிமீட்டரை நெருங்கும்போது அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் உச்சத்தைத் தொடுகிறது. அதைக் கண்ட பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. சுமார் 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. காலியான பை வீணாவதில்லை. மஞ்சள் நிறத் திசுவாக மாறி, கருப்பையைத் தயார்ப்படுத்தும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது.

இந்தக் கடைசிப் படிதான் மருத்துவருக்குத் தடயம். இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று பொருள். இந்தப் பரிசோதனையை ‘21-ஆம் நாள் டெஸ்ட்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிழையை வளர்த்துவிட்டார்கள். முட்டை வெளிவரும் நாள் முந்தைய மாதவிலக்கிலிருந்து எண்ணப்படுவதல்ல. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ணப்படுவது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாள் சரி. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாளில்தான் முட்டையே வெளிவரும். அன்று இரத்தம் எடுத்தால் புரோஜெஸ்டிரோன் ஏறியிருக்காது. ‘முட்டை வரவில்லை’ என்று தாள் சொல்லும், அவர் உடலோ தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும். அவருக்கு 28-ஆம் நாளில் பார்க்க வேண்டும்.

முட்டை வராததற்கு மிகப் பரவலான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகளை’ அகற்ற முடியாதா என்று கேட்காதவர்கள் குறைவு. அவை அகற்ற வேண்டிய கட்டிகளே அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள் அவை. இன்சுலின் மிகுதியும் ஆண்தன்மை ஹார்மோன்களின் மிகுதியும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போக, எந்தப் பையும் முந்திச் செல்ல முடியாமல் எல்லாம் வரிசையில் நின்றுவிடுகின்றன. 2003-இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட விதிப்படி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதே விளைவைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வரும், வேறு அறிகுறி இல்லாத இளம்பெண்ணின் ஸ்கேனிலும் இந்தத் தோற்றம் தெரியலாம். படத்தை மட்டும் வைத்து நோயாளியாக்கிவிடக் கூடாது.

வீட்டில் பயன்படுத்தும் முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் பட்டைகளுக்கும் இதே வரம்பு உண்டு. அவை காட்டுவது எல்.எச். உயர்வை மட்டுமே. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் பட்டை ‘இன்றுதான்’ என்று பல நாட்கள் பொய் சொல்லலாம்.

தைராய்டு கோளாறு, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதி ஆகியவை எளிய இரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடும். மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும். கடும் உணவுக் கட்டுப்பாடு, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி இரண்டும் ஹைப்போதலாமஸின் துடிப்பையே மந்தமாக்கும். உண்ணவே போதாத உடல் கருவைச் சுமக்கத் துணிவதில்லை. 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோவதும் உண்டு, குறைவாக.

அடுத்த கேள்வி கருக்குழாயைப் பற்றியது. சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயை வெறும் வழி என்று நினைப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவது. அதன் விரல் போன்ற நுனிகள் சினைப்பையின் மேல் துழாவி, வெளிவந்த முட்டையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. விந்தணுவோ ஐந்து நாள் வரை காத்திருக்கும். இரண்டும் சந்திப்பது குழாயின் அகன்ற பகுதியில். பிறகு கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அலையாக அசைந்து, நான்கைந்து நாட்களில் கருவைக் கருப்பைக்குக் கொண்டுசேர்க்கின்றன.

கிளமிடியா என்ற பாலியல் தொற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. குழாயின் உள்சுவரைத் தழும்பாக்கிய பிறகு, பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் விளைவு தெரியவரும். காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அந்தக் கிருமியும் இதே சேதத்தைச் செய்கிறது. வெடித்த குடல்வால், பழைய அறுவை சிகிச்சை ஆகியவற்றின் ஒட்டல்கள் குழாயை வெளியிலிருந்து மடக்கிவிடலாம்.

இதைப் பார்ப்பதற்கு எச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்ரே உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன் உள்ள நாட்களில் கருப்பைக்குள் ஒரு திரவத்தைச் செலுத்திப் படமெடுப்பார்கள். கருப்பை முக்கோணமாக வெளுக்கும். அதன் இரு மூலைகளிலிருந்து நூல்போல் இரண்டு கோடுகள் நீண்டு, முனையில் திரவம் வயிற்றுக்குள் கலைந்து பரவும். கோடு தொடக்கத்திலேயே நின்றால் ‘அடைப்பு’ என்று எழுதுவார்கள். அங்குதான் நிதானம் வேண்டும். வலியாலோ அச்சத்தாலோ கருப்பையின் மூலைத் தசை இறுகிக்கொண்டால், நல்ல குழாயும் அடைபட்டதாகவே தெரியும். மறுமுனையில் வேறொரு ஏமாற்றம்: நுண்மயிர்கள் அழிந்த குழாய்கூடப் படத்தில் அழகாகத் திறந்திருக்கும். குழாய் திறந்திருக்கிறதா என்றுதான் படத்தைக் கேட்டோம். உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இந்தப் பரிசோதனையில் ஒரு விசித்திரம், சில சமயம் அதுவே சிகிச்சையாகிவிடுவது. 2017-இல் நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், எண்ணெய் சார்ந்த திரவம் செலுத்தப்பட்ட பெண்களில் 39.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றார்கள். நீர் சார்ந்த திரவம் பெற்றவர்களில் 29.1 விழுக்காட்டினர். குழாயிலிருந்த கசடு கழுவப்பட்டதுதான் காரணம் என்பது பரவலான ஊகம்.

குழாய் உண்மையிலேயே பயனற்றுப்போனால், அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிதான், முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் ஐ.வி.எஃப். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இருந்ததும் குழாய் அடைப்புதான். அடைபட்ட குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் மட்டும் அதை அப்படியே விட்டுவிட்டு ஐ.வி.எஃப். செய்வது புத்திசாலித்தனம் அல்ல. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து வெற்றி வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். முதலில் குழாயை அகற்றுவார்கள், அல்லது கருப்பையிலிருந்து துண்டித்துவிடுவார்கள்.

கருப்பையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நார்க்கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். வெளிச்சுவரில் எலுமிச்சை அளவில் இருப்பது தொந்தரவே தராமல் போகலாம். உட்குழியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறியது கருவை ஒட்டவிடாமல் தடுக்கலாம். உட்சதை வளர்ச்சி, பிறவியிலேயே உள்ள தடுப்புச்சுவர், கருப்பையைச் சுரண்டியதால் ஏற்பட்ட ஒட்டல்கள் ஆகியவற்றை, மெல்லிய கேமராவை உள்ளே செலுத்திப் பார்க்கும்போதே பெரும்பாலும் சரிசெய்துவிட முடிகிறது.

எண்டோமெட்ரியோசிஸ் இத்தனை எளிதில் பிடிபடாது. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் வயிற்றறைச் சவ்விலும் முளைத்து, அழற்சியையும் ஒட்டல்களையும் உண்டாக்குகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’ ஸ்கேனில் தெரியும். சவ்வில் புள்ளிகளாகப் படிந்திருப்பதைச் சாதாரண ஸ்கேன் காட்டாது, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்பராஸ்கோபிதான் காட்டும். வலியின் அளவும் நோயின் அளவும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லி இந்த நோயைப் பல ஆண்டுகள் பதுங்கியிருக்க விட்டுவிடுகிறோம்.

அடுத்து, இன்று மிகுதியாக அச்சமூட்டும் எண்: ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் அளவு. ஒரு பெண் கருவில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போது அவளிடம் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருவதோ 400 முதல் 500. ஏ.எம்.எச்.-ஐச் சுரப்பவை சிறு முட்டைப்பைகள் என்பதால், இருப்பு எவ்வளவு என்று அது ஓரளவு சொல்லும். ஐ.வி.எஃப். ஊசிகளுக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது மிகவும் உதவும். இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பது அதனிடம் கேட்கக் கூடாத கேள்வி. 30 முதல் 44 வயதுள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத பெண்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களுக்கு இணையாகவே கருவுற்றார்கள். வியப்பில்லை, மாதத்துக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு முட்டை.

அந்த முட்டை நல்லதா என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. அதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. நூற்றுக்கு 15 முதல் 30 தம்பதியருக்கு எல்லா முடிவுகளும் சரியாக வந்து ‘காரணம் தெரியாத குழந்தையின்மை’ என்று கோப்பு மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைத் தாயின் வயிற்றிலேயே தொடங்கி, நடுவில் நிறுத்திவைக்கிறது. மீண்டும் தொடர்வது வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்புதான். 38 வயதில் வெளிவரும் முட்டை 38 ஆண்டுகளாகப் பாதி வேலையில் நிற்கிறது. அதுவரை குரோமோசோம் இணைகளைப் பிடித்திருக்கும் புரதக் கட்டு, பல ஆண்டுகள் கட்டியே வைத்த நூலைப் போல இற்றுப்போகிறது. பிரியும் நேரத்தில் ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விட்டால் அந்தக் கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். 40-ஐத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கு மேல் இத்தகைய பிழை இருக்கிறது. கருப்பை அவ்வளவு வேகமாக மூப்படைவதில்லை. தானமாகப் பெற்ற முட்டையால் 45 வயதில் கருத்தரிப்பவரின் வெற்றி வாய்ப்பு, பெரும்பாலும் முட்டை தந்த இளம்பெண்ணின் வயதையே ஒட்டியிருக்கிறது.

அதனால், ஏ.எம்.எச். குறைந்த 28 வயதுப் பெண்ணுக்கு இயற்கையாகக் கரு தங்கும் வாய்ப்பு, ஏ.எம்.எச். நன்றாக உள்ள 42 வயதுப் பெண்ணைவிட அதிகம். கெடு மாறுவதும் இதனால்தான். 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 40-ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே கூடாது. மாதவிலக்கு மாதக்கணக்கில் வராதவர்கள், இடுப்புப் பகுதியில் தொற்றோ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரிந்தவர்கள் எந்த வயதிலும் ஓராண்டு முடியட்டும் என்று இருக்க வேண்டியதில்லை.