செயலாய்வு: பள்ளித் தலைமை தன்னையே ஆராயும் முறைக்கு ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன் ரிசர்ச்’ எனப்படுவதைத் தமிழில் செயலாய்வு, செயல் ஆராய்ச்சி, செயல்வழி ஆய்வு, செயல்நிலை ஆய்வு எனப் பலவாறு எழுதுகிறோம். ஒரு பணியைச் செய்பவரே, அதைச் செய்துகொண்டிருக்கும்போதே, திருத்தும் நோக்குடன் முறையாகச் சான்று திரட்டி ஆராய்வது என்பது இதன் பொருள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அளந்து அறிக்கை எழுதிவிட்டுப் போவது செயலாய்வு ஆகாது. பணியிடத்தில் ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று நின்றுவிடுவதும் செயலாய்வு ஆகாது.

இந்த ஆங்கிலத் தொடரைப் பரவலாக்கியவர் உளவியலாளர் குர்ட் லெவின். ஜெர்மனியில் பணியாற்றிவந்த யூதரான அவர், நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். சிறுபான்மையினர் சிக்கல்களைப் பற்றி 1946இல் எழுதிய கட்டுரையில், நூல்களை மட்டுமே விளைவிக்கும் ஆய்வு போதாது என்று கூறி, திட்டமிடல், செயற்படல், விளைவைக் கண்டறிதல் ஆகிய படிகள் திரும்பத் திரும்ப வரும் சுருள் வடிவை முன்வைத்தார். அமெரிக்கப் பழங்குடியினர் விவகாரத் துறையின் தலைவராக இருந்த ஜான் காலியரும் அதே காலத்தில் இத்தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய பிரெஞ்சு வழியாக, வட்டம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லுக்குச் செல்கிறது. சுற்றிவந்து தேடுதல் என்பது அதன் தொடக்கப் பொருள்.

பள்ளிகளுக்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி முதன்மையானவர். பள்ளி நடைமுறைகளைச் செயலாய்வால் மேம்படுத்துவது பற்றிய அவரது நூல் 1953இல் வெளிவந்தது. 1970களில் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், ஆசிரியரே ஆய்வாளர் என்னும் கருத்தை வலுவாக நிறுவினார். அவரோடு பணியாற்றிய ஜான் எலியட், ஒரே வகுப்பை ஆசிரியர், மாணவர், பார்வையாளர் என மூவர் நோக்கிலும் பார்த்து ஒப்பிடும் வழக்கத்தைப் பள்ளிகளில் பரப்பினார். இன்று ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் காணப்படும் திட்டமிடல், செயற்படல், உற்றுநோக்கல், மறுசிந்தனை என்ற நான்கு படிகள் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் கெம்மிஸ், ராபின் மக்டகார்ட் ஆகியோரின் வழி வந்தவை.

தமிழில் ஆய்தல் என்னும் வினைக்கு மிக நீண்ட வரலாறு உண்டு. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். முன்பே உள்ளதொன்று மேலும் நுண்ணிதாவதை ஆய்தல் குறித்தது. பலவற்றுள் ஏற்றதைத் தெரிந்தெடுத்தல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆயிழை என்பது ஆய்ந்தெடுத்த அணிகளை அணிந்தவளைச் சுட்டும். நடந்துகொண்டிருக்கும் பணியை நுணுக்கி, அதில் தகுந்ததைக் கொண்டு தகாததைத் தள்ளும் ஒரு முறைக்கு இதைவிடப் பொருந்தும் வினை தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செயலாய்வு என்பதை மூன்று வகையாக விரிக்கலாம்: செயலை ஆய்தல், செயலால் ஆய்தல், செயலில் ஆய்தல். மூன்றும் இந்த முறைக்கு உண்மையானவை. செயல்வழி ஆய்வு என்றால் இரண்டாவது பொருள் மட்டுமே எஞ்சுகிறது; அன்றியும், செயல்வழிக் கற்றல் என்னும் வேறொரு கற்பித்தல் முறையோடு அதைக் குழப்பிக்கொள்ளவும் இடமாகிறது. இலங்கைக் கல்வித்துறையில் செயல்நிலை ஆய்வு என்பது நன்கு நிலைபெற்ற வழக்கு. அங்கு அதை மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதுவோருக்குச் செயலாய்வு என்பதையே பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தில் ‘லீடர்ஷிப்’ எனப்படுவதற்கு வழங்கும் தலைமைத்துவம் என்ற சொல்லையும் இங்கே கருத வேண்டும். தலைமை என்பதிலேயே பண்பைக் குறிக்கும் ‘மை’ ஈறு இருக்கும்போது அதன்மேல் இன்னொரு விகுதி மிகை. பள்ளித் தலைமை என்றாலே போதும். தலைமைப் பண்பு என்று எழுதுவதோ, நாள்தோறும் செய்யும் ஒரு பணியைப் பிறவிக் குணமாக்கிவிடுகிறது. குணத்தை எவரும் ஆய்ந்து திருத்த முயல்வதில்லை. பணியைத் திருத்த முடியும்.

ஆனால், பள்ளி நிருவாக வழக்கில் ஆய்வு என்ற சொல்லுக்கு மேற்பார்வை என்னும் பொருள் ஊறிப்போயிருக்கிறது. ஆய்வாளர் வருகிறார் என்றால் பதிவேடுகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றே ஆசிரியர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே, தலைமையாசிரியர் செயலாய்வு செய்யப்போவதாக அறிவித்தவுடன், தங்களை ஆராயப்போகிறார் என்ற அச்சம் எழுவது இயல்பு. பல பள்ளிகளில் இம்முயற்சி தொடக்கத்திலேயே பயனற்றுப்போக இதுவே காரணம் என்று கருதுகிறேன். பள்ளித் தலைமையின் செயலாய்வில் ஆராயப்படுவது தலைமையாசிரியரின் சொந்தச் செயல்: அவர் கூட்டம் நடத்தும் விதம், வகுப்பைப் பார்த்தபின் பேசும் விதம், நேரத்தைப் பகிரும் விதம். ‘ஆசிரியர்கள் ஏன் புதிய முறைகளைப் பின்பற்றுவதில்லை’ என்பது செயலாய்வு வினா அன்று. ‘வகுப்பைப் பார்த்தபின் நான் சொல்லும் கருத்து ஆசிரியருக்கு எவ்வாறு பயன்படுகிறது, அதை எவ்வாறு மாற்றலாம்’ என்பது செயலாய்வு வினா.

வாராந்தர ஆசிரியர் கூட்டம் அறிவிப்புகளிலேயே கழிந்துவிடுவதாகக் கவலைப்படும் ஒரு தலைமையாசிரியரை எண்ணிக்கொள்வோம். அறிவிப்புகளை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் மாணவர் சிலரின் குறிப்பேடுகளை எல்லாரும் சேர்ந்து படித்துப் பேசுவது என அவர் திட்டமிடுகிறார். யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை உடன்பணியாற்றும் ஒருவர் குறித்துவைக்கிறார். ஆசிரியர்கள் பெயரிடாமல் கருத்து எழுதித் தருகிறார்கள். தலைமையாசிரியரும் நாட்குறிப்பு எழுதுகிறார். சில வாரங்களுக்குப் பின் மூன்றையும் ஒப்பிடுகையில், தாம் குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்ன இடங்களிலெல்லாம் உரையாடல் நின்றுபோயிருப்பதை அவர் காணக்கூடும். நாட்குறிப்பை மட்டும் நம்பியிருந்தால் கூட்டம் நன்றாக நடந்ததாகவே அவர் முடிவுசெய்திருப்பார். அடுத்த சுற்றில் வேறொருவர் கூட்டத்தை வழிநடத்த, தலைமையாசிரியர் பங்கேற்பாளராக அமர்கிறார். மீண்டும் சான்று திரட்டப்படுகிறது.

இவ்வாறு தாமும் கற்பவராக அமர்வதற்கு வலுவான காரணம் உண்டு. நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருசேரக் கணிக்கும் தொகுப்பாய்வு, பள்ளித் தலைமையின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பதே மாணவர் கற்றல் அடைவுகளோடு மிக வலுவான தொடர்பு கொண்டதாக அதில் தெரியவந்தது.

தலைமையாசிரியரின் செயலாய்வில் தனிக் கவனம் வேண்டும் ஒரு சிக்கலும் உண்டு. சான்று தருபவர்கள் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். மறுக்க விரும்பினாலும் மறுக்கத் தயங்குவார்கள். ஆகையால் பங்கேற்பு விருப்பத்துக்கு உட்பட்டது என்பதையும், திரட்டும் குறிப்புகள் பணி மதிப்பீட்டுக்குச் செல்லா என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். குறிப்புகளைத் தொகுக்கும் பொறுப்பைத் தமக்குக் கீழ்ப் பணிபுரியாத ஒருவரிடம், பிறிதொரு பள்ளியின் தலைமையாசிரியர் போன்றவரிடம், ஒப்படைப்பது இன்னும் நல்லது. கண்டறிந்தவற்றை முதலில் ஆசிரியர்களிடமே காட்டி, அவர்கள் திருத்தம் சொன்ன பிறகே அடுத்த சுற்றைத் திட்டமிட வேண்டும்.