லெகோ கட்டையின் அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது?

நரை தட்டிய ஆள் ஒருவர் கடையில் லெகோ பெட்டியை எடுத்தால், "பையனுக்கா சார், எத்தனை வயசு?" என்றுதான் கேட்பார்கள். எனக்குத்தான் என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும். சிரிக்கட்டும். இந்தக் கட்டைகளில் பெரியவர்களுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் பெரிய மாடல்களைக் காட்டுவதில்லை. ஒரே ஒரு கட்டையைத் திருப்பிக் காட்டுவேன்.

2×4 என்று சொல்லப்படும் சாதாரணக் கட்டை அது. மேலே எட்டுக் குமிழ்கள். கீழே வெறும் பள்ளம், அதன் நடுவில் வரிசையாக மூன்று உருண்டைக் குழல்கள். இந்த மூன்று குழல்களும் முதலில் கிடையாது. டென்மார்க்கின் பில்லுண்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932 முதல் மரப் பொம்மைகள் செய்துவந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டார். 1949-இல் கட்டைகள் வந்தன. அந்த யோசனை அவருடையது அல்ல. இங்கிலாந்தில் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் செய்து விற்றுக்கொண்டிருந்த கட்டைகளைப் பார்த்து, அளவுகளைக் கொஞ்சம் மாற்றிச் செய்தவைதான் அவை. உள்ளே நான்கு சுவர் மட்டும். அடுக்கினால் நிற்கும், தூக்கினால் பிரிந்து கொட்டும். ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் குழல்கள் உள்ளே வந்தன. அதே ஆண்டு மார்ச்சில் அப்பா காலமாகிவிட்டார்.

குழல் வந்ததும் என்ன மாறியது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு குமிழின் மையத்திலிருந்து பக்கத்துக் குமிழின் மையம் வரை 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. நான்கு குமிழ்கள் சேர்ந்து ஒரு சதுரம். அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் 8-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வரும் 11.31 மி.மீ. இரு முனைகளிலும் பாதிப் பாதிக் குமிழ் இடத்தை அடைத்துக்கொள்வதால் 4.8-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 6.51. குழலின் வெளிவிட்டம் இதுவேதான். அதாவது நான்கு குமிழ்களுக்கு நடுவே இறங்கும் குழல் நான்கையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. குமிழின் பக்கத்திலிருந்து பார்த்தால், மூலையில் இருக்கும் குமிழை இரண்டு சுவர்களும் ஒரு குழலும் பிடிக்கின்றன. நடுவில் இருப்பதை ஒரு சுவரும் இரண்டு குழல்களும். எப்படியும் மூன்று இடத்தில் பிடி. வட்டமான பொருளைச் சுற்றிலும் மூன்று இடத்தில் பிடித்துவிட்டால் அது எந்தப் பக்கமும் நகர முடியாது.

ஆனால் தொடுவதும் பிடிப்பதும் ஒன்றல்ல. அளவுகள் மேலே சொன்னபடி கச்சிதமாக இருந்தால் கட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். உண்மையில் குமிழுக்கான இடம் குமிழைவிட ஒரு துளி சிறியது, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு. எவர்சில்வர் சம்படத்து மூடியை அழுத்தி மூடும்போது விளிம்பு கொஞ்சம் விரிந்து கொடுத்து, பிறகு இறுகிக்கொள்கிறதே, அதே வேலை. கட்டையின் சுவர் வெளியே வளைகிறது, குழல் நசுங்குகிறது, இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. அந்தத் திரும்பும் விசை குமிழை அழுத்த, உராய்வு பிடித்துக்கொள்கிறது. பொழுதுபோக்காளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கிளட்ச் பவர்'. பசை இல்லை, கொக்கி இல்லை. வளைந்த பிளாஸ்டிக் நிமிரப் பார்ப்பதுதான் மொத்த சங்கதியும்.

என்னைக் கேட்டால், குழலுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது பிளாஸ்டிக்குக்குப் போக வேண்டும். முதலில் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிடேட். ஈரத்தை உறிஞ்சும், காலப்போக்கில் கோணிக்கொள்ளும், பிடி தளர்ந்துவிடும். 1963-இல் ஏ.பி.எஸ். வந்தது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்று மூன்று பொருள்களின் கூட்டணி. ஸ்டைரீன் பளபளப்பையும் வார்ப்பதற்கான எளிமையையும் தருகிறது. அக்ரிலோநைட்ரைல் கெட்டித்தன்மையைத் தருகிறது. பியூட்டடையீன் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துணுக்குகளாக உள்ளே பரவிக் கிடந்து, விரிசல் எங்கே கிளம்பினாலும் அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் நாலு முறை அழுத்தியதும் பிளந்துவிடும். ரப்பர் அதிகமானால் தொளதொள என்று ஆகிவிடும். ஒருவர் இயந்திரம் ஒன்றை அமைத்து இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் பிரித்து, சேர்த்துப் பிரித்து ஓடவிட்டார். 37,112 முறைக்குப் பிறகுதான் பிடி போனது.

இனி வார்ப்பு. 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி உருக்கிய ஏ.பி.எஸ். எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. ஆறும்போது பிளாஸ்டிக் ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். 32 மி.மீ. நீளக் கட்டையில் அது 0.16 மி.மீ. பிடியைத் தரும் அந்த ஒரு துளி வித்தியாசத்தைவிட இந்தச் சுருக்கம் பெரியது! ஆக, அச்சைச் செதுக்குபவர் கட்டையின் அளவுக்குச் செதுக்க முடியாது. ஆறிச் சுருங்கிய பின் எந்த அளவுக்கு வந்து நிற்குமோ அதைக் கணக்கிட்டு, கூட்டிச் செதுக்க வேண்டும். தடித்த இடம் மெதுவாக ஆறும், மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், அதனால் சுருக்கமும் சீராக இருக்காது. கட்டை உள்ளே குடைந்து, சுவர்கள் ஒரே மாதிரி மெல்லியதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். பிளாஸ்டிக் மிச்சமாவது உபரி லாபம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உட்புறத்தில் பொடி எண்கள் தெரியும். அச்சில் எந்தக் குழியில் பிறந்த கட்டை என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு குழி தேய்ந்து கோளாறு செய்தால் எது என்று உடனே பிடித்துவிடலாம்.

அந்தக் கட்டையின் நீளத்தை நான் 32 என்று சொன்னேன். அளந்தால் 31.8 இருக்கும். பக்கத்தில் வரும் கட்டையோடு முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளி இல்லையென்றால் நீண்ட சுவர் கட்டும்போது சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போய், பத்தாவது கட்டை குமிழில் உட்காராமல் அடம்பிடிக்கும்.

பெரியவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் சிக்கிக்கொள்வது வேறோர் எண்ணில்: 1.6 மி.மீ. குமிழ் இடைவெளி 8 மி.மீ., அதாவது ஐந்து 1.6. கட்டையின் உயரம் 9.6, ஆறு 1.6. பிளேட் எனப்படும் தட்டைக் கட்டையின் உயரம் 3.2, இரண்டு 1.6. குமிழின் விட்டம் 4.8, மூன்று 1.6. மூன்று பிளேட்டை அடுக்கினால் ஒரு கட்டை உயரம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ்களின் அகலம் என்பது தெரிந்த அன்றுதான் ஆட்டம் மாறுகிறது. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒரு சுவரின் பகுதியைப் படுக்கவைத்துக் கட்டலாம், ஐந்து பிளேட் கணக்கில் அது மற்ற பகுதியோடு இம்மி பிசகாமல் சேரும். குமிழே வெளியில் தெரியாத வழுவழுப்பான கார்களும் மனித முகங்களும் இப்படித்தான் உருவாகின்றன. 

இன்னும் இருக்கிறது. குழலின் உள்விட்டமும் 4.8, ஆகவே குமிழ் அதற்குள்ளேயும் நுழையும். கட்டையை அரைக் குமிழ் தள்ளி உட்காரவைக்க இது ஒரு வழி. ஒற்றை வரிசைக் கட்டையின் அடியில் குழலுக்கு இடமில்லை, அதனால் இரண்டு குமிழ்களுக்கு நடுவே இறங்கும் மெல்லிய தண்டு இருக்கும். 8-இலிருந்து 4.8 போனால் 3.2, தண்டின் தடிமன் அது. பொம்மை மனிதர்களின் கை பிடிக்கும் கோலின் தடிமனும் அதுவே. பல்சக்கரங்களும் துளைகளும் கொண்ட டெக்னிக் வகையில் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் வருகின்றன, ஆனால் கட்டையின் உயரமோ 9.6. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மேல் துளையும் கீழ்த் துளையும் கணக்குக்கு வராது. நடுவில் இரண்டு பிளேட் வையுங்கள்: 9.6-உம் 6.4-உம் சேர்ந்து 16. இப்போது துளைகள் ஒத்துவரும், செங்குத்தாக ஒரு துளைச் சட்டத்தை மாட்டி இறுக்கிவிடலாம். சாய்வான சட்டம் வேண்டுமா? 3-4-5 செங்கோண முக்கோணம் இருக்கவே இருக்கிறது.

பொருந்துகிறது என்பதற்காக எதையும் எங்கேயும் செருகலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டு குமிழ்களுக்கு நடுவே இடைவெளி 3.2, பிளேட்டின் தடிமனும் 3.2. பிளேட்டை நிமிர்த்தி அந்தச் சந்தில் சொருகினால் நிற்கும். ஆனால் குமிழ் ஏற்பாட்டில் சுவர் வளைந்துகொடுக்கிறது, இங்கே வளைய எதுவும் இல்லை. இரண்டு கெட்டிப் பொருள்கள் நாள்கணக்கில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும், கடைசியில் ஏதோ ஒன்றில் விரிசல் விடும். இந்த மாதிரி உத்திகளுக்குப் பொழுதுபோக்காளர்கள் வட்டத்தில் 'இல்லீகல்' என்று பெயர். கம்பெனியின் வடிவமைப்பாளர்களுக்கு இவை தடை. வீட்டில் கட்டுகிறவர்களை யார் கேட்கப் போகிறார்கள், நானும் செய்வதுண்டு.

வலிமையைப் பற்றிய ஒரு சோதனையும் இங்கே சொல்ல வேண்டியது. 2012-இல் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக, பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டியில் ஒரு 2×2 கட்டையை அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 4,240 நியூட்டன், ஏறக்குறைய 430 கிலோ எடையைத் தாங்கியது. அப்புறமும் சில்லு சில்லாக உடையவில்லை, மெதுவாக நசுங்கிப் பரவியது. ரப்பரின் வேலை. இந்தக் கணக்குப்படி அடிக்கட்டை நசுங்க வேண்டுமானால் அதன் மேல் 3,75,000 கட்டைகளை அடுக்க வேண்டும், கோபுரம் மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல் உயரம் போகும். அவ்வளவு உயரத்துக்கு முன்பே அது வளைந்து சாய்ந்துவிடும் என்பது வேறு விஷயம். எந்த மாடலும் நசுங்கி விழுவதில்லை, பிரிந்துதான் விழுகிறது. அதனால்தான் 2022-இல் வந்த ஈஃபில் கோபுரத்தைப் போல 10,001 துண்டுகளோடு 149 செ.மீ. உயரம் போகும் மாடல்களில் எடையைவிட மூட்டுதான் கவலை. கொத்தனார் செங்கல் வரிசையில் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் பார்த்துக்கொள்வது போல இங்கேயும் ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதன் இடைவெளியை மூடியபடி போக வேண்டும். 2008-இல் வந்த 5,922 துண்டுத் தாஜ்மகால் முழுக்க இந்தப் பாடம்தான். அதன் விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி இந்தியாவில் 2020-இல் 60 சதவீதமாகவும் 2023-இல் 70 ஆகவும் உயர்ந்ததை நினைத்தால் எழுதவே கை வராது.

ஒரே நிறத்தில் இரண்டு 2×4 கட்டைகளை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று என்றால் 1,060. ஆறு என்றால்? கம்பெனி நெடுங்காலம் 10,29,81,500 என்று சொல்லி வந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் அதைப் பார்த்து, ஆறு அடுக்கு உயரக் கோபுரங்களை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அகலமாகப் பரப்பும் வழிகளையும் சேர்த்துக் கணினியில் எண்ணினால் 91,51,03,765 வருகிறது. நேரடிச் சூத்திரம் எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகத்தான் எண்ண வேண்டும். கட்டை கூடக் கூட எந்தக் கணினியும் திணறும்.

ஏ.பி.எஸ்.ஸுக்கும் வயதாகும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்த வெள்ளைக் கட்டை மஞ்சளடிக்கும். புற ஊதாக் கதிர் முதலில் கை வைப்பது அந்த ரப்பர் பகுதியில்தான், பியூட்டடையீனின் இரட்டைப் பிணைப்புகள் எளிதாக ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்பவர்கள் உண்டு, ஆனால் நிறம் திரும்பினாலும் ரப்பர் திரும்பாது. கண்ணாடி போன்ற கட்டைகளுக்கும் ரப்பர்தான் தடை. அதன் துணுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் சாதாரண ஏ.பி.எஸ். ஊடே பார்க்க முடியாது. அதனால் அந்தக் கட்டைகளைப் பல ஆண்டுகள் பாலிகார்பனேட்டில் செய்தார்கள். அது இன்னும் விறைப்பு. கண்ணாடிக் கட்டை இரண்டைச் சேர்த்துவிட்டுப் பிரிக்கத் திண்டாடியவர்களுக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

காப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. வேறு கம்பெனிகள் இதே அளவில் கட்டை செய்தபோது, இந்த வடிவமே எங்கள் வணிகச் சின்னம் என்று லெகோ நீதிமன்றம் போனது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் முடியாது என்றன. குமிழும் குழலும் அலங்காரத்துக்காக இல்லை, அவை ஒரு வேலையைச் செய்கின்றன. வேலை செய்யும் வடிவத்துக்கு என்றென்றைக்கும் தனியுரிமை தர முடியாது என்பது வாதம். இப்போது பாதி விலையில் கிடைக்கும் கட்டைகள் பல நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று இறுகி, இன்னொன்று தளர்வது உண்டு.

கடைசியாக, எல்லாரும் கேட்பது: ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்டை எப்படிப் பிரிப்பது? நேராக இழுத்தால் எல்லாக் குமிழ்களின் பிடியையும் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டும், நகம்தான் போகும். ஒரு ஓரத்தை நெம்பினால் ஒவ்வொரு வரிசையாக விடும், மிகக் குறைந்த விசை போதும். பெட்டியில் வரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பான் ஒரு நெம்புகோல்தான். அதன் முனையை மேல் பிளேட்டின் குமிழ்களில் மாட்டி, நீண்ட கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். இரண்டு பிரிப்பான் இருந்தால் ஒன்றை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் மாட்டி, கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தினால் இன்னும் சுலபம். பல்லால் கடிக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கும் கட்டைகளில் யாரோ ஒருவருடைய பல் தடம் எப்போதும் இருக்கிறது.