கொல்லையில் முருங்கை, குழந்தைக்கு ரத்தசோகை

இந்த மாதம் இது ஆறாவது குழந்தை. வயது பதினான்கு மாதம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பையே காணோம். ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது பத்தரையாவது இருந்திருக்க வேண்டும்.

"என்ன கொடுக்கிறீர்கள்?"

"பால்தான் டாக்டர், ஐந்து பாட்டில் குடித்துவிடுவான். அப்புறம் பருப்புச் சாதம், பிஸ்கட்."

"வீட்டில் மரம், செடி ஏதாவது இருக்கிறதா?"

இப்போதெல்லாம் எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். முருங்கை இரண்டு, பப்பாளி ஒன்று, வேலியில் பூசணிக்கொடி. முருங்கைத் தழையை ஒடித்து ஆட்டுக்குப் போடுகிறார்களாம். ஆடு நன்றாக இருக்கிறதாம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் பாதி வீடுகளிலாவது ஒரு முருங்கையோ கீரைப்பாத்தியோ வைக்க இடம் இருக்கும் என்பது என் கணிப்பு. பாலைப் பற்றி ஒன்று மட்டும்: பசும்பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. ஐந்து பாட்டில் குடித்த வயிற்றில் வேறு எதற்கும் இடமும் இல்லை.

கீரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் பாட்டி முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்: "பச்சைப் பிள்ளைக்குக் கீரை செரிக்காது டாக்டர். ஒருநாள் கொடுத்தோம், பச்சையாகவே போனான்." இந்த வாக்கியத்தை எத்தனை வருடங்களாகக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. அம்மா, கீரை தின்றால் பச்சையாகத்தான் போகும். பீட்ரூட் தின்றால் சிவப்பாகப் போகும். நிறம் வெளியே வருவதால் சத்தும் வெளியே வந்துவிட்டது என்று பொருளில்லை. இலைத் துணுக்குகள் தெரிந்தால் சரியாக மசிக்கவில்லை என்றுதான் பொருள், அது பிள்ளையின் குடலுடைய குற்றமல்ல. தண்ணீர் தண்ணீராகப் பலமுறை போனால், ரத்தம் கலந்து போனால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். நாளுக்கு ஒருமுறை பச்சையாகப் போனால் கழுவிவிட்டு மறுநாளும் கீரை கொடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் தொடங்கலாம். ஒரு பிடி இலையை ஈர்க்கு நீக்கிப் பருப்போடு குழைய வேகவைத்து மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விடுங்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர அந்த நெய் வேண்டும். இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச்சாறு பிழியுங்கள், இரும்பு சேர அது உதவும்.

தோட்டம் என்றதும் பலர் மாடிக்குப் பச்சை வலை, தேங்காய்நார்க் கட்டி, விலையுயர்ந்த தொட்டி என்று கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) கேட்டு வாங்கி மழைக்காலத்தில் ஊன்றுங்கள். பழைய பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் கலந்து சிறுகீரை தூவினால் 25 நாளில் பறிக்கலாம். அரிசி களைந்த தண்ணீரை அதற்கு ஊற்றுங்கள். பாத்திவாரியாகப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால்தான் வாரம் முழுக்கக் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்து, ஒரே வாரத்தில் பறித்து, "தோட்டம் ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முருங்கை இலைப்பொடி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கி என் மேசையில் வைத்த தந்தை ஒருவரும் உண்டு. அவர் வீட்டு மதிலுக்கு மேலேயே முருங்கைக்கிளை தொங்குகிறது.

கழிவறைத் தொட்டியிலிருந்து கசியும் தண்ணீரைக் கீரைக்குத் திருப்பாதீர்கள். பூச்சிமருந்து அடித்த கையோடு பறிக்காதீர்கள். கீரைக்கு அதை அடிக்காமல் இருப்பதே நல்லது. மண்ணில் இறங்கினால் செருப்பு போடுங்கள், பிள்ளைக்கும்தான். கொக்கிப்புழு வெறும் பாதத்தின் வழியாக உள்ளே போய்க் குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கும். அப்புறம் எவ்வளவு கீரை தின்றாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "கீரை கொடுக்கிறோம், மருந்தை நிறுத்திவிட்டோம்" என்று வருகிறவர்கள். கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் ஏறும். 7.4-ஐக் கீரையால் மட்டும் தூக்க முடியாது. இரும்பு மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுத்தே ஆக வேண்டும். அப்போது மலம் கருமையாகப் போகும், அதற்கும் பயப்பட வேண்டாம். வங்கதேசத்தில் வீட்டுத்தோட்டத் திட்டங்களைக் காய்கறியோடு தொடங்கியவர்கள் பிறகு கோழி வளர்ப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் இதேதான்: இலை மட்டும் போதாது. உங்கள் வீட்டில் கோழி இருந்தால் முட்டையை விற்றுப் பிஸ்கட் வாங்காதீர்கள்.

அந்தக் குழந்தைக்கு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். பாட்டியையும் கட்டாயம் அழைத்து வரச் சொன்னேன். அந்த வீட்டு அடுப்படி அவர் கையில்தான் இருக்கிறது.